ஷாஃப்ட் வண்டியைத் தாழ்த்தி ஹார்ட்டெயில் ஆக்குவது எப்படி

செயின் வண்டியை ஹார்ட்டெயில், அதாவது பின் சஸ்பென்ஷன் இல்லாத பைக் ஆக்க வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பின்பக்கத்தை வெட்டு, பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மைக் கழற்றி ஓரமாகப் போடு, ரெடிமேடாக வரும் முக்கோணச் சட்டத்தை வைத்து வெல்டு அடி, செயினை இழுத்துப் பிடி, முடிந்தது. செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் வண்டியில் இதையே செய்யப் போனால் ஆரம்பத்திலேயே முட்டிக்கொண்டு நிற்பீர்கள். இங்கே ஸ்விங் ஆர்ம் சக்கரத்தைத் தாங்குவதோடு நிற்பதில்லை. அதன் ஒரு குழாய்க்குள்தான் டிரைவ் ஷாஃப்ட் ஓடுகிறது, பின் முனையில் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் கியர்கள் உள்ள ஃபைனல் டிரைவ் ஹவுசிங் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது, முன் முனையில், ஸ்விங் ஆர்ம் ஆடும் அச்சான பிவட்டுக்கு நேராக, மடங்கியபடியே சுற்றும் யுனிவர்சல் ஜாயின்ட் இருக்கிறது. இவை மூன்றும் தொழிற்சாலையில் வைத்த கோட்டிலேயே இருக்க வேண்டும், அதைக் கொட்டகையில் கிரைண்டரும் ரசமட்டமும் வைத்துக்கொண்டு புதிதாக உருவாக்குவது லேசான காரியம் இல்லை.

அதனால் நான் சொல்வது ஒரே வழிதான். ஸ்விங் ஆர்ம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், ஷாக் அப்சார்பர்கள் இருந்த இடத்தில் வளையாத கம்பிகளை வைத்து அதை அசையாமல் பூட்டுங்கள், பூட்டுவதையும் போல்ட்டால் செய்யுங்கள். ஃபிரேமுக்குப் பலம் சேர்க்க எவ்வளவு வேண்டுமானாலும் வெல்டு அடிக்கலாம், ஆனால் ஸ்விங் ஆர்மையும் ஃபிரேமையும் சேர்த்து வெல்டு அடிக்கவே கூடாது. பெரும்பாலான வண்டிகளில் யுனிவர்சல் ஜாயின்ட்டை வெளியே எடுக்க ஸ்விங் ஆர்மைக் கழற்றியாக வேண்டும். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால், ஜாயின்ட்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸ் தேய்ந்து கடகடவென்று சத்தம் போடும் நாளில் அழகாகப் பெயின்ட் அடித்த ஃபிரேமை நீங்களே அறுக்க வேண்டிவரும்.

ஷாஃப்ட்டும் அசையாத பின்பக்கமும் சேராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிஎம்டபிள்யூ 1923-இல் கொண்டுவந்த ஆர்32-இல் ஷாஃப்ட் உண்டு, பின் சஸ்பென்ஷன் கிடையாது. ஆனால் அது முதலிலிருந்தே அப்படி வடிவமைத்த வண்டி. நாம் செய்யப்போவது, மேலும் கீழும் ஆடுவதற்கென்று செய்த ஒன்றை நிறுத்திவைப்பது. அதனால் வரும் வில்லங்கங்கள் வேறு.

எந்த வண்டி ஒத்துவரும்

இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் இருக்கும் பழைய வண்டிகள்தான் இதற்குச் சரி. யமஹா எக்ஸ்எஸ்750, எக்ஸ்எஸ்1100, சுசுகி ஜிஎஸ்850ஜி, ஹோண்டா சிஎக்ஸ்500, 1970-களின் பிஎம்டபிள்யூ பாக்ஸர்கள் (பக்கவாட்டில் சிலிண்டர் நீட்டி நிற்பவை) எல்லாம் இந்த வகை. பிஎம்டபிள்யூ 1980-இல் ஆர்80 ஜி/எஸ்-இல் கொண்டுவந்த மோனோலீவரில் ஒரே ஒரு கைதான் இருக்கிறது. அதை ஒரு பக்கக் கம்பியால் பூட்டினால் ஒவ்வொரு பள்ளமும் அந்தக் கையை முறுக்கும். பாராலீவர் வண்டியில் இரண்டு ஜாயின்ட்டும் தனியாக ஒரு டார்க் ராடும் இருக்கும், அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மோனோஷாக் (ஒற்றை ஷாக்) வைத்த ஆரம்பகால யமஹா வீராகோவையும் பூட்டலாம்தான், ஆனால் முழு அடியும் ஃபிரேமின் ஒரே ஒரு புள்ளியில் போய் விழும். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை.

முதலில் அளவு, அப்புறம்தான் வெட்டு

வண்டி பிரிக்காமல் முழுசாக இருக்கும்போதே அளவு எடுத்துவிடுங்கள். பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே சீட் ரெயிலில் ஒரு குறி போட்டு மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்: சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது, வண்டி தன் எடையில் நிற்கும்போது, நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது. மூன்றாவதுதான் உங்களுக்கு அடிப்படை. அந்த உயரத்தில் பூட்டினால் வண்டி தாழவே இல்லை என்று அர்த்தம், வெறும் ஹார்ட்டெயில்தான். அதற்குக் கீழே எவ்வளவு இறக்குகிறீர்களோ அதுதான் உண்மையான தாழ்வு. தொங்கும் அளவிலிருந்து கணக்குப் போட்டு வண்டி நிறைய இறங்கிவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

எவ்வளவு இறக்கலாம்? படத்தில் பார்க்க எவ்வளவு இறக்கினாலும் அழகுதான், ஆனால் பின்பக்கம் மட்டும் இறங்கினால் ஸ்டீயரிங் தலை பின்னால் சாயும். சக்கர இடைவெளி 1450 மி.மீ. என்று வையுங்கள். பின்னால் 75 மி.மீ. இறக்கினால் ரேக் (ஸ்டீயரிங் தலையின் சாய்வு) ஏறக்குறைய 3 டிகிரி கூடிவிடும். முன்சக்கரத்தின் ஆரம் 320 மி.மீ., ஃபோர்க் ஆஃப்செட் (ஸ்டீயரிங் அச்சிலிருந்து ஃபோர்க் முன்தள்ளி நிற்கும் அளவு) 50 மி.மீ. என்றால், 27 டிகிரி ரேக்கில் டிரெயில் (ஸ்டீயரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன்டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 107 மி.மீ. இருந்தது 30 டிகிரியில் 127 மி.மீ. ஆகிவிடும். நேர்சாலையில் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் தானாகவே உள்பக்கம் விழப் பார்க்கும். முன்பக்கத்தையும் அதே அளவு இறக்கினால் ரேக் பழையபடி ஆகிவிடும். ஆக முன்னும் பின்னும் சேர்த்தே திட்டம் போட வேண்டும்.

இன்னொரு வரம்பு வண்டியின் வயிற்றில் இருக்கிறது. சம்ப் (எஞ்சினின் அடி ஆயில் தொட்டி), சைலன்சர், ஸ்டாண்டு பிராக்கெட், பாக்ஸர் என்றால் சிலிண்டர் ஹெட், எல்லாம் தரைக்குப் பக்கத்தில் வரும். ரசனைக்காக 100 மி.மீ. இறக்கிவிட்டு ஒவ்வொரு வேகத்தடையிலும் கோணல்மாணலாகப் போகிற வண்டி எதற்கு? 40 முதல் 50 மி.மீ. வரைதான் நான் இறக்குவேன். அதற்கு மேல் தாழ்வாகத் தெரிய வேண்டுமென்றால் சீட்டையும் மட்கார்டையும் கீழே கொண்டுவந்தாலே கண்ணை ஏமாற்றிவிடலாம்.

யுனிவர்சல் ஜாயின்ட் கோணம்

உயரம் எவ்வளவு என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது இதுதான். செயின் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ஒற்றை யுனிவர்சல் ஜாயின்ட் மடங்கி இருக்கும்போது, முன்பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும் பின்பக்கம் சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 5 டிகிரி மடிப்பில் இந்த ஏற்ற இறக்கம் 0.4 சதவீதம்தான், 10 டிகிரியில் 1.5, 15 டிகிரியில் 3.5. சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் பெரிய கோணம் வந்தாலும் ஒரு நொடி வந்து போய்விடும். உங்கள் வண்டியில் நீங்கள் பூட்டிய கோணம்தான் கடைசிவரைக்கும்.

சரி, அப்படியானால் சுழியமாக, நேராகப் பூட்டிவிடலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கிராஸின் நான்கு முனைகளிலும் இருக்கும் ஊசி பேரிங்குகள் கொஞ்சமாவது ஆடினால்தான் கிரீஸ் பரவும். முழுக்க நேராக வைத்தால் ஒவ்வொரு ஊசியும் ஒரே இடத்தில் நின்று அடிவாங்கி, கிராஸில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்துவிடும். 2 முதல் 4 டிகிரிக்குள் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பிவட்டிலிருந்து ஆக்சில் வரை 480 மி.மீ. என்றால், ஆக்சில் 50 மி.மீ. மேலே வரும்போது ஸ்விங் ஆர்ம் கிட்டத்தட்ட 6 டிகிரி திரும்பும். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது அது 4 டிகிரி கீழ்நோக்கி இருந்திருந்தால், 50 மி.மீ. இறக்கிய பிறகு 2 டிகிரி மேல்நோக்கி இருக்கும். அதாவது நேர்கோட்டைத் தாண்டி மறுபக்கம் வந்துவிட்டது, அளவும் நல்ல அளவு. அதே வண்டியை 35 மி.மீ. மட்டும் இறக்கியிருந்தால் சுழியத்துக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கும். உங்கள் வண்டிக்கு இதை நீங்களே அளந்து பாருங்கள். டிஜிட்டல் ஆங்கிள் கேஜ் ஒன்றை எஞ்சினில் கிராங்கேஸ் மட்டமான ஓர் இடத்திலும், இன்னொரு முறை ஷாஃப்ட் குழாயின் மேலும் வைத்து வித்தியாசம் பார்த்தால் போதும். சில வண்டிகளில் குழாய் பின்னால் போகப்போகக் குறுகும், அப்போது மேல்பக்கமும் கீழ்பக்கமும் அளந்து சராசரி எடுங்கள்.

முதலில் பொய்க் கம்பி

கணக்கெல்லாம் முடிந்தபின் நேராக நல்ல கம்பி செய்ய உட்கார வேண்டாம். 6 மி.மீ. தடிமனுள்ள பட்டை இரண்டு எடுத்து ஒரு முனையில் ஒரு ஓட்டை, மறுமுனையில் 12 மி.மீ. இடைவெளியில் வரிசையாக நாலைந்து ஓட்டைகள் போட்டு ஷாக் இருந்த இடத்தில் மாட்டுங்கள். ஓட்டை மாற்றி மாற்றி உயரத்தைப் பார்க்கலாம், கோணம் பார்க்கலாம், தள்ளி நின்று அழகும் பார்க்கலாம். இது வண்டியை நிறுத்திவைத்துப் பார்க்க மட்டும்தான், தெருமுனை வரைக்கும்கூட இதில் ஓட்டிப் போகாதீர்கள். ஒன்றை மனதில் வையுங்கள்: கம்பி குறையும் அளவும் ஆக்சில் உயரும் அளவும் ஒன்றல்ல. ஷாக்கின் கீழ் மவுண்ட் பிவட்டிலிருந்து 400 மி.மீ., ஆக்சில் 480 மி.மீ. என்றால், கம்பியை 10 மி.மீ. குறைத்தாலே ஆக்சில் 12 மி.மீ. மேலே போகும். ஷாக் சாய்வாக நின்றால் இன்னும் கூடும்.

பொய்க் கம்பி மாட்டியிருக்கும்போதே டயரைச் சுற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் குழாய்க்கும் டயர் பக்கவாட்டுக்கும் நடுவில் குறைந்தது 8 மி.மீ. வேண்டும். செயின் வண்டி மாதிரி சக்கரத்தை நகர்த்தி இடம் பண்ண முடியாது, ஹப் ஃபைனல் டிரைவின் ஸ்பிளைனில் (பல் பல்லாக வெட்டிய பிணைப்பில்) உட்கார்ந்திருக்கிறது. மட்கார்டுக்கு 20 மி.மீ. விட்டால் போதும், சக்கரம் இனி மேலே வரப்போவதில்லை.

உண்மையான கம்பியும் மவுண்டும்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஷாக் அப்சார்பர் இருந்தவரை பள்ளத்தின் அடியை அது தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் ஃபிரேமுக்குக் கொடுத்தது. இனி அடி முழுசாகப் போகும். அதோடு நிற்கவில்லை. ஷாஃப்ட் வண்டியில் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது பின்பக்கம் எழும்புவதைக் கவனித்திருப்பீர்கள். ஃபைனல் டிரைவில் பினியன் என்ற சிறு கியர் கிரவுன் வீல் என்ற பெரிய கியரில் ஏறப் பார்ப்பதால் ஸ்விங் ஆர்ம் கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது. இப்போது எழும்ப வழியில்லாததால் அந்த விசை கம்பியை இழுக்கும், கைவிட்டால் அமுக்கும். ஆக உங்கள் கம்பி பாரம் தாங்கினால் மட்டும் போதாது, இழுபடுவதும் அமுங்குவதும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். துளியளவு ஆட்டம் இருந்தாலும் சுத்தியல் மாதிரி அடித்து ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிடும்.

அதனால் ரப்பர் புஷ் வேண்டாம், பாலியூரித்தேனும் வேண்டாம். லேத்தில் கடைந்த ஸ்டீல் அல்லது வெண்கல புஷ், போல்ட் கையால் தள்ளினால் இறங்குகிற அளவுக்கு இறுக்கமாக. கம்பிக்கு 25 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. சுவரும் உள்ள சீம்லெஸ் குழாய், இரு முனையிலும் திட இரும்பைக் கடைந்து 40 மி.மீ. உள்ளே இறங்குமாறு செருகி, விளிம்பிலும் பக்க ஓட்டைகள் வழியாகவும் வெல்டு. திட கம்பியாகவே போட்டாலும் தப்பில்லை, எடை கொஞ்சம் கூடும்.

இரண்டு கம்பிகளின் கண்ணுக்குக் கண் (முனை ஓட்டைக்கு ஓட்டை) நீளமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். அரை மி.மீ. வித்தியாசம் கூட விடாதீர்கள். ஒரு தடிமனான பலகையில் இரண்டு போல்ட்களை நட்டு, அதில் மாட்டியே இரண்டையும் வெல்டு அடித்தால் பிசகாது. மாட்டும்போது சோதனை இது: ஒரு பக்கக் கம்பியை முழுக்க இறுக்கிவிட்டு, மறுபக்க போல்ட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். தானாக வழுக்கி உள்ளே போக வேண்டும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால்தான் போகிறது என்றால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது, அந்த முறுக்கு முழுவதும் ஃபைனல் டிரைவ் ஃபிளாஞ்ச் ஸ்டட்களில் போய் உட்காரும். மறுபடி லேத்துக்குப் போங்கள்.

கீழ் மவுண்ட் பல வண்டிகளில் ஒரு பக்கம் ஸ்விங் ஆர்மிலும், ஷாஃப்ட் பக்கம் ஃபைனல் டிரைவ் ஹவுசிங்கிலேயே வார்த்தும் இருக்கும். அது அலுமினிய வார்ப்பு. அதில் ஓட்டை போடுவது, ராவுவது, வெல்டு அடிப்பது எதுவும் கூடாது. ஸ்டட்டைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பார்த்துவிட்டு, இருந்தால் ஹவுசிங்கையே மாற்றுங்கள். ஸ்டட் ஒரு பக்கம் மட்டும் பிடித்து மறுபக்கம் அந்தரத்தில் நிற்கிற வகையாக இருக்கும், அதனால் கம்பியின் கண் ஸ்டட்டின் அடியை ஒட்டி உட்காரும்படி வையுங்கள். வெளியே தள்ளி வைக்க வைக்க வளைக்கும் விசை ஏறும்.

மேல் மவுண்ட்தான் வழக்கமாக உடையும் இடம். ஷாக்கின் மேல்முனை சீட் ரெயிலில் இருக்கும், அந்தக் குழாய் பெரும்பாலும் மெல்லியது. பாபர் பாணி பைக் மாதிரி வால் பகுதியை வெட்டுகிறவர்கள் மவுண்ட்டுக்கு ஒட்டி வெட்டிவிட்டு அதை இன்னும் பலவீனமாக்கிவிடுகிறார்கள். மவுண்ட்டிலிருந்து பிவட் தட்டு நோக்கிக் கீழே ஒரு குழாய், முன்னால் டேங்க் முடியும் இடத்தில் முதுகுக் குழாய்க்கு ஒரு குழாய், இடது வலது மவுண்ட்களைச் சேர்த்து குறுக்கே ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் அடி ஃபிரேமின் நடுப்பகுதிக்குப் போய்விடும். குறுக்குக் குழாய் டயருக்கு இடைஞ்சல் இல்லாமல் கொஞ்சம் வளைந்திருக்கட்டும்.

வெல்டிங்

பழைய ஜப்பானிய ஃபிரேம்கள் பெரும்பாலும் சாதாரண ஸ்டீல்தான், அதனால் புதுக் குழாயும் சாதாரண மைல்டு ஸ்டீல் போதும். 25 மி.மீ. விட்டம், 2.5 அல்லது 3 மி.மீ. சுவர். ஆர்கான் வெல்டிங், இஆர்70எஸ்-2 கம்பி. துத்தநாக முலாம் பூசிய குழாயை எடுக்க வேண்டாம், புகை உடம்புக்குக் கேடு, வெல்டும் பிடிக்காது. முனைகளை மீன்வாய் மாதிரி ராவி இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். பழைய குழாயோடு புதுக் குழாயை நீட்டி ஒட்ட வேண்டியிருந்தால் உள்ளே ஒரு திட துண்டு, இரண்டு பக்கமும் 50 மி.மீ. அளவுக்குப் போகும்படி. கஸட் தட்டு (மூலைக்குப் பலம் தரும் தட்டு) வைத்தால் முனையைக் கூர்மையாக இழுத்து விடுங்கள். குழாயைக் குறுக்கே சுற்றி முடிகிற வெல்டு விரிசலுக்கு அழைப்பிதழ்.

எஞ்சின், ஸ்விங் ஆர்ம், சக்கரம் எல்லாம் மாட்டிய நிலையில் பொட்டு (சிறு சிறு வெல்டு) மட்டும் வையுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். எங்கேயோ ஃபோர்க்கில் போட்டால் கரன்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து குழி போட்டுவிடும். பொட்டு வைத்தபின் நூல் பிடித்து இரண்டு சக்கரமும் நேர்கோட்டில் இருக்கிறதா, தூக்குக்குண்டு வைத்து பின்சக்கரம் செங்குத்தா என்று பார்த்து, அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து வெறும் ஃபிரேமில் முழு வெல்டு. ஒரே பக்கமாக ஓட்டாமல் இடதில் கொஞ்சம், வலதில் கொஞ்சம். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்காதீர்கள். ஸ்விங் ஆர்மின் ஷாஃப்ட் குழாயில் எந்த வெல்டும் வேண்டாம், சூட்டில் அது இழுத்துக்கொண்டால் ஃபிளாஞ்ச் முகம் கோணி, பின்னால் கியர் பல் அழும்.

முன்பக்கம், டயர், சீட்

ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் டிரிபிள் கிளாம்பில் மேலே தள்ளுவது சுலபமான வழி. ஆனால் முழுக்க அமுங்கும்போது டயரோ மட்கார்டோ கீழ் கிளாம்பில் இடிக்கிறதா என்று ஸ்பிரிங் எடுத்துவிட்டு அமுக்கிப் பாருங்கள். 25 மி.மீ.க்கு மேல் வேண்டுமென்றால் டேம்பர் ராடில் டாப்-அவுட் ஸ்பிரிங்கோடு ஒரு ஸ்பேசர் வைத்து ஃபோர்க்கையே குட்டையாக்கலாம். எவ்வளவு ஸ்பேசர் வைத்தீர்களோ அந்த அளவுக்கு ஸ்பிரிங்கை மேலிருந்து அழுத்தும் பிரீலோட் குழாயை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் முன்பக்கம் கட்டையாகிவிடும்.

பின்னால் இனி டயர்தான் சஸ்பென்ஷன். உயரமான பக்கவாட்டு உள்ள 130/90-16 போன்ற டயர் என்றால் இடுப்பு பிழைக்கும். ஹப் பழையதே இருக்க வேண்டும் என்பதால், அதே குடும்ப வண்டியின் 16 இஞ்ச் சக்கரம் பொருந்துகிறதா என்று தேடுங்கள். சுற்றளவு மாறினால் கியர் விகிதமும் மாறும், செயின் வண்டி மாதிரி ஸ்பிராக்கெட் மாற்றிச் சரிசெய்ய முடியாது. சீட்டுக்கு ஸ்பிரிங் வைப்பதாக இருந்தால் முன்னால் கீல், பின்னால் ஸ்பிரிங், முழுக்க அமுங்கினாலும் மட்கார்டில் தட்டக் கூடாது.

மாட்டிய பிறகு

சைடு ஸ்டாண்டைக் குட்டையாக்காமல் வெளியே எடுக்காதீர்கள், தாழ்ந்த வண்டி நட்டக்குத்தலாக நின்று மறுபக்கம் சாய்ந்துவிடும். டிரம் பிரேக் என்றால் ராடின் கோணம் மாறியிருக்கும், மறுபடி அட்ஜஸ்ட் செய்யுங்கள். ஃபைனல் டிரைவ் ஹவுசிங் சில டிகிரி திரும்பியிருப்பதால் ஃபில்லர் ஓட்டையில் தெரியும் ஆயில் மட்டம் இனி பொய் சொல்லும். முழுக்க வடித்துவிட்டு, கையேட்டில் எத்தனை மி.லி. என்று போட்டிருக்கிறதோ அதை அளந்து ஊற்றுங்கள். மாற்றி அமைத்த ஃபிரேமுக்கு உங்கள் இடத்தில் என்ன அனுமதி வேண்டும், இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளுமா என்பதை வெட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொண்டால் நல்லது.

எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சில் இறுக்கி, நட்டிலிருந்து ஃபிரேமுக்கு ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். முதல் 50 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து கோடுகள் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி இறுக்குங்கள். 500 கி.மீ. ஆனதும் மேல் மவுண்ட் வெல்டுகளின் முனைகளில் பெயின்ட் வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்டில் மயிரிழை தெரிந்தால் சுரண்டி, டை பெனட்ரன்ட் அடித்துப் பார்க்காமல் அடுத்த கிலோமீட்டர் ஓட்ட வேண்டாம். கியரை மாற்றினாலும் மாறாமல், வேகம் கூடக்கூட மட்டும் கூடும் அதிர்வு வந்தால் டயர் பாலன்ஸ் பாருங்கள், அது சரியாக இருந்தால் யுனிவர்சல் ஜாயின்ட் கோணத்தை மறுபடி அளங்கள்.

கடைசியாக ஸ்பிளைன். முன்பு ஸ்விங் ஆர்ம் ஆடும்போது ஷாஃப்ட் ஸ்பிளைன் கொஞ்சம் கொஞ்சம் முன்பின் வழுக்கி கிரீஸைத் தானே தடவிக்கொண்டிருந்தது, இனி ஒரே இடத்தில் நிற்கப்போகிறது. அதனால் ஒவ்வொரு முறை பின் டயர் மாற்றும்போதும் ஃபைனல் டிரைவையும் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு மாலிப்டினம் டைசல்ஃபைடு நிறைய உள்ள பேஸ்ட்டைப் பல்லுக்குப் பல் பூசுங்கள். துடைத்த துணியில் செந்துரு நிறத்தில் பொடி தெரிந்தால் கிரீஸ் பூசும் கால இடைவெளியைப் பாதியாகக் குறையுங்கள், பல்லின் முனை கத்தி மாதிரி கூர்ந்திருந்தால் அதை மாட்டாமல் வேறு ஷாஃப்ட் தேடுங்கள்.